மூக்கில் இரண்டு பீச்சல்: எங்கள் வீட்டில் பன்னிரண்டு முறை போட்ட ஃப்ளூ மருந்து

ஒன்பது குளிர்காலம், இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு முறை. ஃப்ளூவென்ஸ் என்ற மூக்குவழித் தடுப்பு மருந்தைப் பற்றி எழுத இந்தக் கணக்கு போதும் என்று நினைக்கிறேன். லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். பெரியவன் 2014இல் பிறந்தவன். 2016 அக்டோபரிலிருந்து ஆண்டு தவறாமல் போட்டுக்கொள்கிறான். சின்னவள் 2020இல் பிறந்தவள். 2024உடன் அவளுக்கு மூன்று முறை ஆகிவிட்டது. பிரிட்டனில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப மருத்துவரிடமும், அதற்கு மேற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அரசே இதை இலவசமாகப் போடுகிறது. ஆகவே காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளைப் பற்றி நான் எழுதவில்லை. பெற்ற பிள்ளையின் மூக்குக்குள் உயிருள்ள ஃப்ளூ வைரஸை விடுவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உயிருள்ளது என்பதில் எந்த மழுப்பலும் வேண்டாம். ஊசியில் போடும் ஃப்ளூ மருந்தில் இருப்பது கொல்லப்பட்டு உடைக்கப்பட்ட வைரஸ். இதில் இருப்பது மூக்குக்குள் போய்ப் பெருகக்கூடிய வைரஸ். பெருகினால்தான் வேலை செய்யும்.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஊசியில்லாத ஒரு சின்னஞ்சிறு சிரிஞ்சு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நுனியில் ரப்பர் மூடி. உள்ளே மொத்தம் 0.2 மில்லி திரவம், ஒரு நாசிக்கு 0.1 மில்லி. நிறமற்றதாகவோ மிக வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும். சில நேரம் வெண்ணிறத் துகள்கள் தென்படும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. தள்ளும் தண்டின் நடுவே ஒரு பிளாஸ்டிக் கவ்வி மாட்டியிருக்கிறது. முதல் பக்கம் பீச்சும்போது பாதி அளவு போனதும் அந்தக் கவ்வி தடுத்து நிறுத்திவிடும். நர்ஸ் கவ்வியைக் கழற்றிவிட்டு மறுபக்கம் மீதியைப் பீச்சுவார். அவ்வளவுதான். அழுது திமிறும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பாதி எது, முழுசு எது என்று கண்ணால் அளக்க வேண்டிய தேவையே இல்லை. மருந்தின் அறிவியலைப் பற்றி எத்தனையோ பேர் பேசுகிறார்கள்; இந்தக் கவ்வியை யோசித்தவரை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. நான் பாராட்டுகிறேன்.

பிள்ளை மூச்சை இழுக்க வேண்டியதில்லை, இயல்பாக விட்டால் போதும். 2022இல் சின்னவள் பீச்சி முடித்த மறுநொடியே ஒரு பெரிய தும்மல் தும்மினாள். எல்லாம் வெளியே போய்விட்டதே, மறுபடியும் போட வேண்டுமா என்று பதறிக் கேட்டேன். தேவையில்லை என்றார் நர்ஸ். தேவைக்கு மேலேயே அதில் வைரஸ் இருக்கிறது என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து தகவல் தாளைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு டோஸில் ஒவ்வொரு வகை வைரஸும் ஏறக்குறைய ஒரு கோடி அலகு இருக்கிறது. தும்மலுக்குத் தப்பியதே தாராளம்தான்.

மருந்துக்கு முன்னால் அதைப் போடும் இடத்தைப் பற்றிய குறையைச் சொல்லிவிடுகிறேன். 2017இல் நாங்கள் அப்போது பதிவு செய்திருந்த மருத்துவகத்தில் நேரம் குறித்துக் கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறி, மழையில் தள்ளுவண்டியோடு போனால், காலையிலேயே மருந்து தீர்ந்துவிட்டது என்று வரவேற்பறையில் சொன்னார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். வேலைக்கு இன்னொரு நாள் விடுப்புப் போட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பப் போனேன். ஃப்ளூ மருந்தில் பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. போட்ட பிறகு உடல் எதிர்ப்பைத் திரட்டவே இரண்டு வாரம் போல ஆகும். அதற்குள் நர்சரியில் இருமல் தொடங்கிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு இந்த அலைச்சல் அடியோடு நின்றது. படிவத்தில் ஒப்புதல் கொடுத்தால் போதும், போடுபவர்கள் பள்ளிக்கே வந்துவிடுகிறார்கள்.

இனி 2016க்கு வருகிறேன். மகனுக்கு முதல் முறை போட நேரம் வாங்கியிருந்த வாரம், நியூ ஜெர்சியிலிருந்து நாத்தனார் அழைத்தாள். "அண்ணி, இங்கே அந்த ஸ்பிரேயையே இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் டாக்டர் ஊசிதான் போட்டார். நீங்கள் எதற்காகக் குழந்தைக்கு அதைப் போடப் போகிறீர்கள்?"

அவள் சொன்னது உண்மை. அமெரிக்காவில் இதே மருந்துக்கு ஃப்ளூமிஸ்ட் என்று பெயர். 2003இலேயே அனுமதி பெற்றது. ஆனால் 2015-16 பருவத்தில் 2 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடம் ஃப்ளூவிலிருந்து அது தந்த பாதுகாப்பு வெறும் 3 சதவீதம்தான் என்று அங்கே கணக்கு வந்தது. அதே பருவத்தில் ஊசிக்கு 63 சதவீதம். 2016-17க்கு யாருக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று அங்குள்ள ஆலோசனைக் குழு சொல்லிவிட்டது. அதே 2015-16 குளிர்காலத்தில், அதே மருந்துக்கு, பிரிட்டனில் வந்த கணக்கு 57.6 சதவீதம். இங்கே நிறுத்தவில்லை, தொடர்ந்து போட்டார்கள்.

3க்கும் 57க்கும் நடுவே என் பிள்ளையின் மூக்கு. நான் நுண்ணுயிரியல் படித்தவள், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இருந்தும் அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. இரவில் உட்கார்ந்து படித்தேன். முடிவில் ராணிப்பேட்டைக்கு, அப்பாவுக்குப் போன் செய்தேன்.

ஏன் அப்பா என்றால், அவர் கோழிகளுக்கான தடுப்பு மருந்து தயாரிப்பில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். மருத்துவர் இல்லை, விஞ்ஞானி இல்லை, முட்டைகளைக் கையாண்டவர். கோழி வளர்ப்பவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு கொட்டகை முழுவதும் சில நாளில் காலியாகிவிடும். அதற்கான மருந்து முட்டைக்குள்தான் வளர்கிறது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒரு காலணி அட்டைப்பெட்டியில் எட்டணா அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே டார்ச்சை வைத்து, இருட்டறையில் பாட்டியின் அடைக்கோழி முட்டை ஒன்றை அதன்மேல் நிறுத்திக் காட்டினார். முட்டை முழுவதும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே சிலந்தி வலைபோல இரத்த நாளங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தது. "இதுதான் உயிர். அசையவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட வேண்டும்" என்றார். கேண்டிலிங் என்று அதற்குப் பெயர். காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டு, சிறு துளையிட்டு, 0.1 மில்லி வைரஸைச் செலுத்தி, மெழுகால் அடைத்து, அடைகாக்கும் பெட்டியில் வைப்பார்கள். வளர்ந்த பிறகு முட்டைகளை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்து, இரத்த நாளங்கள் சுருங்கியபின் உடைத்து, கருவைச் சுற்றியுள்ள தெளிந்த நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீர்தான் மருந்தின் மூலம். மனிதர்களுக்கான இந்த ஸ்பிரேயும் அப்படித்தான், நோய்க்கிருமி அண்டாமல் வளர்க்கப்பட்ட கோழிகளின் முட்டையில் உருவாகிறது.

ஊரில் நாங்கள் வளர்த்த குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடுவார்கள். அதுவும் உயிருள்ள வைரஸ்தான். எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. அந்த ஊசியில் இருப்பது முக்தேஸ்வர் வகை. ஐயர், டாப்சன் என்ற இருவர், கோழியைக் கொல்லும் வைரஸை முட்டைக் கருவில் மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்துப் பெற்றது. 1940இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஆனாலும் சின்னக் குஞ்சுகளுக்கு அதைப் போட முடியாது, தாங்காது. அதனால்தான் முதலில் மென்மையான சொட்டு, வளர்ந்தபின் ஊசி. "பலவீனம் கூடிப்போனால் மருந்து கோழிக்கு உறைக்காது, குறைந்துபோனால் கோழியே மிஞ்சாது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அவர் வேலையின் முழுக் கவலையும் அந்த வாக்கியத்தில் இருந்தது.

"இந்த வைரஸை எப்படிப் பலவீனமாக்கினார்கள்?" என்றுதான் அன்று முதலில் கேட்டார். குளிரில் பழக்கி, என்றேன். மேலே சொல் என்றார்.

ஹுனைன் மசாப் என்பவர் சிரியாவின் டமாஸ்கஸில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1960இல் ஆன் ஆர்பர் நகரில் ஒரு ஃப்ளூ நோயாளியிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அதைக் கோழிக் குஞ்சின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்த்தார். ஃப்ளூ வைரஸ் நம் உடல் சூட்டுக்குப் பழகியது. அவர் வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்: 36 டிகிரி, 33, 30, கடைசியில் 25. ஒவ்வொரு படியிலும் தாக்குப்பிடித்ததை மட்டும் எடுத்து அடுத்த படிக்குக் கொண்டுபோனார். 25 டிகிரியில் செழிப்பாக வளரும் ஒரு வைரஸ் கிடைத்தது. 1967இல் அதை வெளியிட்டார். குளிருக்குப் பழகிய அந்த வைரஸ் சூட்டைத் தாங்கும் தன்மையை இழந்துவிட்டது. 39 டிகிரியில் அதனால் பெருக முடியவில்லை. மனித மூக்கின் உட்புறம் ஏறக்குறைய 33 டிகிரி. நுரையீரல் 37. மூக்கில் பெருகி உடலுக்குப் பாடம் சொல்லும். உள்ளே இறங்கினால் அதற்கு வாழ்வு சிரமம். ஒரு வைரஸை அதன் வசிப்பிடத்தின் வாசலிலேயே நிறுத்திவைக்கும் யோசனை இது. இதைப் படித்த இரவு நான் எழுந்து நடந்துவிட்டேன், அவ்வளவு அழகாக இருந்தது.

திரும்பவும் கொடுமையானதாக மாறிவிட்டால் என்ன செய்வது என்பதே அப்பாவின் இரண்டாவது கேள்வி. எந்தத் தாயும் கேட்க வேண்டிய கேள்வி. ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. மசாபின் வைரஸில் பலவீனத்துக்குக் காரணமான மாற்றங்கள் ஒரே இடத்தில் இல்லை. மூன்று துண்டுகளில் ஐந்து இடங்களில் பரவிக் கிடக்கின்றன. ஒன்று தற்செயலாகப் பழைய நிலைக்குத் திரும்பினாலும் மற்றவை பிடித்துவைத்திருக்கும். இதைச் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு "ஐந்து பூட்டு" என்றார்.

ஆனால் 1960இல் எடுத்த வைரஸை இன்றைய பிள்ளைக்குப் போட்டு என்ன பயன்? ஃப்ளூ ஆண்டுதோறும் சட்டை மாற்றுகிறது, அதாவது நம் உடல் அடையாளம் காணும் அதன் மேற்புறம் மாறுகிறது. அதற்கும் வழி அந்த எட்டுத் துண்டுகளில்தான் இருக்கிறது. இரண்டு வேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் நுழைந்தால் அவற்றின் துண்டுகள் கலந்துவிடும். ஆகவே பழைய, குளிருக்குப் பழகிய வைரஸிலிருந்து ஆறு துண்டுகளையும், இந்த ஆண்டு சுற்றிவரும் வைரஸிலிருந்து மேல்சட்டையைத் தீர்மானிக்கும் இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒரு புது வைரஸ் செய்கிறார்கள். உள்ளே அந்த ஐந்து பூட்டும் அப்படியே. வெளியே இந்த ஆண்டின் முகம். முன்பெல்லாம் இரண்டையும் ஒன்றாக முட்டையில் வளர்த்து, பழைய சட்டை போட்டவற்றை, அவற்றை எதிர்க்கும் இரத்தச் சீரம் கொண்டு ஒடுக்கி, குளிரில் வளர்பவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள். இப்போது தேவையான எட்டுத் துண்டுகளை மட்டும் உயிரணுவுக்குள் அனுப்பி நேரடியாகவே உருவாக்கிவிடுகிறார்கள். வடபாதி உலகத்துக்கு எந்த வகைகள் என்பதை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் சொல்லும். இலையுதிர் காலத்துக்குள் மருந்து பள்ளிக்கு வந்துவிட வேண்டும். லிவர்பூல் பக்கம் ஸ்பீக் என்ற ஊரில் இதைத் தயாரிக்கிறார்கள்.

அப்படியென்றால் 2015-16இல் எங்கே தவறியது? இதுதான் நான் தூங்காமல் தேடியது. ஊசி மருந்துக்கு மேல்சட்டை பொருந்தினால் போதும், அதுவாகப் பெருக வேண்டியதில்லை. ஸ்பிரேயிலிருக்கும் வைரஸோ பிள்ளையின் மூக்கில் போய் ஒட்டி, உள்ளே நுழைந்து, பெருகியே ஆக வேண்டும். 2009இல் உலகம் முழுவதும் பரவிய எச்1என்1 வகையின் சட்டையைப் போட்டபோது அது சரியாக நடக்கவில்லை. முதலில் பயன்படுத்திய கலிபோர்னியா வகை சூட்டைத் தாங்காமல் உடைந்தது. அதை மாற்றிவிட்டு 2015-16க்குக் கொண்டுவந்த பொலிவியா வகை மனித மூக்கின் உயிரணுக்களில் போதுமான அளவு பெருகவில்லை. பிரிட்டனிலும் மொத்தக் கணக்கு 57.6 என்றாலும் எச்1என்1க்கு மட்டும் தனியே பார்த்தால் 41.5 சதவீதம்தான். அந்த எண்ணைச் சுற்றிய நிச்சயமின்மையும் பெரிது. இங்கே மானத்தைக் காப்பாற்றியது ஃப்ளூவின் இன்னொரு பிரிவான பி வகைக்கு எதிராகக் கிடைத்த நல்ல பாதுகாப்பு.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. "உறைக்கவில்லை" என்றார். அவ்வளவுதான். முப்பது ஆண்டு முட்டைகளோடு இருந்தவருக்கு அது பழகிய துயரம். "அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கெடுதல் வந்ததா?" என்று கேட்டார். இல்லை, பயன்தான் குறைந்தது என்றேன். "அப்படியானால் போடு. உன் ஊரில் பாதியாவது காக்கிறது. கெடுக்கும் மருந்து என்றால் நிறுத்து. காப்பது குறைந்த மருந்தை நிறுத்தினால் அந்தக் குறைந்ததும் போய்விடும்."

நாத்தனாரின் டாக்டர் செய்ததிலும் தவறில்லை. அவர் நாட்டில் 63 சதவீத ஊசி இருந்தது. இங்கே இரண்டு வயது ஆரோக்கியமான பிள்ளைக்குக் கொடுத்தது ஸ்பிரே. மகனை மடியில் உட்காரவைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் மூக்கொழுகியது, அதற்கு மறுநாள் நின்றது. மூக்கு ஒழுகுவதும் அடைப்பதும் இதில் மிகச் சாதாரணம் என்று தாளிலேயே போட்டிருக்கிறது. வைரஸ் வேலைசெய்கிறது என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு பொலிவியா வகையை நீக்கி 2017-18க்கு ஸ்லோவேனியா வகையைக் கொண்டுவந்தார்கள். இம்முறை மனித மூக்கின் உயிரணுக்களில் அது எவ்வளவு பெருகுகிறது என்று முன்கூட்டியே சோதித்தார்கள். 2018-19 பருவத்திலிருந்து அமெரிக்காவும் ஸ்பிரேயை மறுபடி ஏற்றுக்கொண்டது. ஆக இந்த மருந்தைப் பற்றி நான் எட்டிய தீர்ப்பு இது: பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், உள்ளே ஆண்டுக்கு ஒரு புது மருந்து. சென்ற ஆண்டு எப்படி இருந்தது என்று கேட்டு இந்த ஆண்டு முடிவெடுக்க முடியாது. 1996-97இல் நடந்த பெரிய சோதனையில் பிள்ளைகளிடம் 93 சதவீதம் பாதுகாப்பு கிடைத்த அதே குடும்பத்து மருந்துதான் இருபது ஆண்டுக்குள் 3க்கு இறங்கி, மறுபடி எழுந்தது. இதை வாங்கும் அரசுகள் ஆண்டுதோறும் அளந்து, அந்த அளவை மறைக்காமல் வெளியிட வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அளந்தார்கள், வெளியிட்டார்கள். அதனால்தான் பழுதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

சென்னையில் தங்கையின் மகனுக்குப் போட்டது வேறு ஸ்பிரே: புனேயில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் நாசோவாக். இரண்டையும் பார்த்தவள் என்பதால் ஒப்பிட்டுச் சொல்கிறேன். நாசோவாக் பொடியாக வரும். அதற்கென்று கொடுக்கும் நீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, பக்கத்துக்கு 0.25 மில்லி பீச்ச வேண்டும். ஃப்ளூவென்ஸில் கரைக்கும் வேலை இல்லை, அளவும் பாதிக்கும் குறைவு. இரண்டு நிமிடம் அதிகம் போகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நாசோவாக்கின் உள்ளிருக்கும் ஆறு துண்டுகள் மசாபின் வைரஸிலிருந்து வந்தவை அல்ல, லெனின்கிராடிலிருந்து வந்தவை. சோவியத் விஞ்ஞானிகள் 1957இன் வைரஸ் ஒன்றை இதேபோல் 25 டிகிரியில் பதினேழு முறை மாற்றி வளர்த்துப் பழக்கினார்கள். உயிருள்ள ஃப்ளூ மருந்துக்கான முயற்சியை ஸ்மொரோதின்த்சேவ் என்ற சோவியத் விஞ்ஞானி 1930களிலேயே அங்கே தொடங்கியிருந்தார். 2009 எச்1என்1 பரவியபோது அந்த வைரஸ், உலக சுகாதார நிறுவனத்தின் வழியாகப் புனேவுக்கு வந்தது. 2010இல் நாசோவாக் வெளிவந்தது. அதன் பருவகால வடிவத்தை வங்கதேசத்திலும் செனகலிலும் சின்னப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வங்கதேசத்தில் 57.5 சதவீதம் பாதுகாப்பு. செனகலில் பாதுகாப்பே தெரியவில்லை. அந்தப் பருவத்தில் செனகலில் அதிகம் சுற்றியது அதே 2009 எச்1என்1. குளிர்காலத்து அமெரிக்காவிலும் வெப்பநாடான செனகலிலும் ஒரே இடத்தில் கால் இடறியிருக்கிறது.

இரண்டு மூல வைரஸ்களும் எச்2என்2 என்ற ஒரே வகை என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1957இல் ஆசிய ஃப்ளூ என்று உலகைச் சுற்றிய வகை அது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு வந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த ஃப்ளூ மையம் அந்தப் பரவலை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. அந்த ஆண்டு நாட்டையே படுக்கவைத்த வைரஸின் உறவுகள் இரண்டு, ஒன்று ரஷ்யக் குளிரிலும் ஒன்று அமெரிக்கக் குளிரிலும் பழகி, அறுபது ஆண்டு கழித்து என் மகனையும் என் தங்கை மகனையும் காக்கின்றன.

இனி எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சு. இதை மறைத்து எழுதினால் நேர்மையாக இருக்காது. வைரஸ் சிதையாமலிருக்க இந்த மருந்தில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது பன்றியிலிருந்து எடுத்தது. முட்டையில் வளர்ந்தது என்பதும் இருக்கிறது. என் மாமியார் முட்டைகூடச் சேர்க்காதவர். 2016இல் மருத்துவகத்தில் கொடுத்த துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். இது என் பெரிய குறை. கேட்பவருக்கு மட்டும் உண்மை என்ற வழக்கம் நம்பிக்கையைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பாடு வேறு, மருந்து வேறு. ஆனால் சொல்லாமல் போட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார். மனம் ஒப்பாத குடும்பங்களுக்கு இப்போது ஜெலட்டின் இல்லாத ஊசி கிடைக்கிறது, படிவத்திலேயே கேட்கலாம். இதை எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அறியாமல், கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

அந்த அத்தைக்காகவும்தான் நான் பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுகிறேன். பள்ளியிலிருந்து ஃப்ளூவை வீட்டுக்குக் கொண்டுவருவது பிள்ளைகள். அதில் விழுவது தாத்தா பாட்டிகள். பிரிட்டனில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலில் போட்டுப் பார்த்த பகுதிகளில் பெரியவர்கள் ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போவதும் குறைந்தது.

யாருக்கெல்லாம் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. கைக்குழந்தைகளிடம் மூச்சு இழைப்பு கூடியதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு மிகவும் குன்றிய பிள்ளைகளுக்கும், ஆஸ்பிரின் வகை மருந்து தொடர்ந்து எடுக்கும் பிள்ளைகளுக்கும், போடும் நாளில் இழைப்பு இருப்பவர்களுக்கும், கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஊசிதான் சரி. வீட்டில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்றவர் இருந்தால் நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். போட்ட பிள்ளையின் மூக்கிலிருந்து சில நாள் வைரஸ் வெளிவரும். இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு, ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைக்கு, தயங்காமல் பரிந்துரைப்பேன்.

2024இல் ஒரு மாற்றம். அதுவரை நான்கு வகை இருந்த மருந்தில் இப்போது மூன்றுதான். குறைத்துவிட்டார்களோ என்று பள்ளி வாசலில் சில தாய்மார்கள் கவலைப்பட்டார்கள். பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. இல்லாத எதிரிக்கு உயிருள்ள வைரஸைப் பிள்ளையின் மூக்கில் விடுவது பொருந்தாது. எடுத்தது சரி என்பேன்.

அந்த நவம்பரில் சின்னவள் முதல்முறையாகப் பள்ளியிலேயே, நான் பக்கத்தில் இல்லாமல், போட்டுக்கொண்டாள். அன்று மாலை அப்பா வீடியோ அழைப்பில் வந்தார். வயது எழுபத்தெட்டு, இன்னும் அவர் கேட்பது ஒரே விஷயத்தைத்தான். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தார்களா? வெளியே எடுத்து எவ்வளவு நேரம் ஆனது? எனக்கு எப்படித் தெரியும் அப்பா, பள்ளியில் போட்டார்கள் என்றேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டார்.

"மூக்குக்குள் எப்படி இருந்தது, கண்ணு?"

"சில்லென்று இருந்தது, தாத்தா."

"சரியாகத்தான் வைத்திருந்திருக்கிறார்கள்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கோழிகளை அடைக்க எழுந்து போனார்.